முதல் பந்தியும் கோமதிநாயகம் குழலும்

5.8.97, செவ்வாய்

ஒன்பது நாளாகத் தண்ணீர் வரவில்லை. ஆடிக்காற்று மட்டும் தவறாமல் வருகிறது. பள்ளிவிட்டு வந்து முகம் கழுவினால் கையில் ஓடும் நீர் கறுப்பாக இருக்கிறது. பருத்திக் காட்டு மண் முழுவதும் என் முகத்துக்குத்தான் குடிவந்திருக்கிறது.

இன்று ஒரு திருட்டுத்தனம் செய்தேன். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது தலைமை ஆசிரியையின் மேஜையில் கிடந்த கல்யாணப் பத்திரிகையைத் தலைகீழாகவே படித்துவிட்டேன். மணமகள் காளீஸ்வரி, மணமகன் மணிகண்டபிரபு. செப்டம்பர் நான்கு காலையில் முகூர்த்தம். முந்தின நாள் மாலை வரவேற்பு. அதற்குக் கீழே, சின்ன எழுத்தில்: 'புல்லாங்குழல் இசை - ஸ்ரீவைகுண்டம் கோமதிநாயகம் குழுவினர்.'

பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். "என்ன டீச்சர், கையெழுத்து மறந்துபோச்சா?" என்றார்.

கோமதிநாயகம்! பாளையங்கோட்டை விடுதியில் வார்டன் அறை ரேடியோவில், ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து, கொசுவுக்கு இரண்டு காலையும் கொடுத்துக் கேட்ட குழல். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. இப்போது நாற்பத்து நான்கு. இந்த இருபத்தைந்து வருடத்தில் நேரில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நெல்லையில் அவர் கச்சேரி வைத்த அன்றுதான் எனக்கு இடுப்புவலி எடுத்து செல்வி பிறந்தாள். திருச்செந்தூருக்கு வந்தபோது பஸ் ஸ்டிரைக். இப்போது வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் வாசிக்கப் போகிறார். எனக்கு அழைப்பு இல்லை. வரவும் வராது.

ஏனென்றால் மணமகள் காளீஸ்வரி, பூவனநாதன் அத்தானின் மகள்.

6.8.97, புதன்

இதை எழுதி வைக்கத்தான் வேண்டும். பின்னால் யாராவது படித்தால் எங்களைப் பைத்தியம் என்று நினைக்கக் கூடாது. (நினைக்கட்டும்.)

பூவனநாதன் அத்தான் இவருடைய, அதாவது என் வீட்டுக்காரருடைய, பெரியப்பா மகன். தீப்பெட்டித் தொழிற்சாலை வைத்திருக்கிறார். இரண்டு தெரு தள்ளி வீடு. 1986இல் அந்த வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். விருந்தில் இவர் முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தார். இலையில் உப்பு வைத்து, அவியல் வைத்து, அப்பளம் வைத்து, சோறு வருகிற நேரம். அத்தான் வந்து இவர் தோளைத் தொட்டு, "தம்பி, சிவகாசிப் பார்ட்டி வந்திருக்கு. நீ அடுத்த பந்தியில உக்காந்துக்க" என்றார்.

இவர் எழுந்தார். அடுத்த பந்திக்குக் காத்திருக்கவில்லை. கை கழுவினார், என்னைக் கூப்பிட்டார், வீட்டுக்கு வந்துவிட்டோம். அன்றோடு போக்குவரத்து நின்றது. பதினொரு வருடம். தெருவில் அத்தான் எதிரே வந்தால் இவருடைய ஸ்கூட்டர் உடனே ரிப்பேர் ஆகிவிடும். அவர் தாண்டிப் போகும்வரை குனிந்து பிளக்கைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

நான் போன வருடம் ஒரு தடவை, "இலைக்காகவா இவ்வளவும்?" என்று கேட்டேன். "இலை இல்ல, அழகுத்தாய். அவியல் வச்ச இலை" என்றார். இரும்புக்கடை காமராஜ் நாடார் பேசுகிற கவிதை இவ்வளவுதான்.

7.8.97, வியாழன்

சாப்பிடும்போது, யாரோ என்னவோ என்பது போல், "பூவனநாதன் அத்தான் வீட்டுல கல்யாணமாமே?" என்றேன்.

"அப்படியா?" என்றார். முகூர்த்த நேரம், மண்டபம், சமையல் மாஸ்டர் பெயர் வரைக்கும் இவருக்குத் தெரியும் என்பது அந்த 'அப்படியா'விலேயே தெரிந்தது.

10.8.97, ஞாயிறு

மதுரை விடுதியிலிருந்து செல்வி போன். குழல் விஷயத்தை அவளிடம் மட்டும் சொன்னேன்.

"சும்மா போய் உக்காந்துருமா. மாப்ள வீட்டுக்காரங்க பொண்ணு வீடுன்னு நெனச்சுக்கிடுவாங்க. பொண்ணு வீட்டுக்காரங்க மாப்ள வீடுன்னு நெனச்சுக்கிடுவாங்க."

"பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு என்னை நல்லாத் தெரியும்டி. அதான் சிக்கலே."

அழைக்காத நல்லதுக்குப் போனால் ஊர் சிரிக்கும். அது கிடக்கட்டும், இவர் சிரிக்க மாட்டார். மண்டபத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கேட்கலாமா என்றுகூட யோசித்துவிட்டேன். தாவரவியல் ஆசிரியை, மாலை ஆறு முதல் ஒன்பது வரை டீக்கடையில். மறுநாள் அத்தனை பெண்பிள்ளைகளும் எனக்கு டீ வாங்கிக்கொண்டு வந்து வைப்பார்கள்.

13.8.97, புதன்

இவர் கடையிலிருந்து அரைமணி நேரம் முன்னதாகவே வந்தார். முகத்தில் தீபாவளி.

"பூவனநாதன் அண்ணாச்சியை ஆஸ்பத்திரியில சேத்திருக்கு."

"ஐயோ, என்னவாம்?"

தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கல்யாணமான இத்தனை வருடத்தில் இவர் இப்படிச் சிரித்து நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். கடைசியில், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மூலம். ஆபரேஷன் பண்ணிருக்கு. உக்கார முடியாதாம்!" என்றார்.

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. தோன்றிய வேகத்தில் அடுப்பில் பால் பொங்கியதைக்கூடக் கவனிக்கவில்லை. நல்லதுக்கு அழைத்தால்தான் போக வேண்டும். ஆனால் சாவுக்கும் நோவுக்கும் யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதில்லை. பகை இருந்தாலும் போகலாம். போனால் யாரும் தப்பாகப் பேச மாட்டார்கள். நோய் விசாரிக்கப் போனவர்களைக் கல்யாணத்துக்கு அழைக்காமல் விடவும் முடியாது.

"ஏங்க, என்ன இருந்தாலும் அண்ணன் தம்பி. ஒரு எட்டு பாத்துட்டு வந்துருவோமா?"

"நானா? அந்த ஆளையா?"

"சரி, வேண்டாம். அவிய உக்கார முடியாம எப்படிக் கிடக்காவளோ, ஒருச்சாய்ச்சு கிடக்காவளோ, குப்புறக் கிடக்காவளோ... நமக்கென்ன."

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, "என்ன பழம் வாங்கணும்?" என்றார்.

நான் கெட்டவள். இதை இங்கே எழுதி வைத்தால் பாவம் பாதியாகும் என்று நினைக்கிறேன்.

14.8.97, வியாழன்

போய் வந்துவிட்டோம்.

ஹார்லிக்ஸ் பாட்டில், சாத்துக்குடி, ஒரு சீப்பு மலைப்பழம். மலைப்பழத்தை இவரே தேடி வாங்கினார், "அந்த நோவுக்கு இதான் நல்லது" என்று அக்கறையோடு.

அத்தான் ஒருக்களித்துப் படுத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் கையை ஊன்றி எழுந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். பதினொரு வருடத்தில் தலை முழுக்க நரைத்துவிட்டது. மேலே மின்விசிறி மட்டும் டக் டக் என்றது.

இவர்தான் ஆரம்பித்தார். "ஏன் நிக்கீங்க அண்ணாச்சி? உக்காருங்களேன்."

நான் என் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"உக்காரத்தான் முடியல தம்பி."

"அப்படியா! அட பாவமே. நான் வேணா நாற்காலியை இங்கன இழுத்துப் போடட்டுமா? மெத்துன்னு இருக்கும்."

"இல்ல தம்பி. ஒரு மாசம் ஆகும்னு டாக்டர் சொல்லுதாரு."

"ஒரு மாசமா!" இவர் ஆறுதல் சொல்கிற குரலில்தான் சொன்னார். முகம்தான் ஒத்துழைக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அத்தான் சம்சாரம் வேலுத்தாய் அக்கா வெந்நீர் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். என்னைப் பார்த்ததும் பிளாஸ்கைத் தரையில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள். நாங்கள் கிளம்புகிறவரை அந்தக் கையை விடவில்லை. நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்கு அடுப்பு மூட்டச் சொல்லிக் கொடுத்தவள். சினிமாவுக்கும் சந்தைக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போனவள். அந்தக் கை முன்னைவிடச் சொரசொரப்பாக இருந்தது.

நான் குழலுக்காக வந்தவள். அந்தக் கையை விட எனக்கு ஏன் மனசு வரவில்லை?

15.8.97, வெள்ளி

சுதந்திரப் பொன்விழா. கொடியேற்றம், மிட்டாய், இரண்டு மணி நேரப் பேச்சு. வெயிலில் மூன்று பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். பேச்சு நிற்கவில்லை.

20.8.97, புதன்

ஆவணி பிறந்து நான்கு நாள் ஆயிற்று. பத்திரிகை வரவில்லை.

22.8.97, வெள்ளி

வரவில்லை. அடுத்த தெரு வரைக்கும் கொடுத்துவிட்டார்களாம். ஹார்லிக்ஸ் போயிற்று.

23.8.97, சனி

யாரோ சொன்னார்கள், குழல் இல்லையாம், மதுரையிலிருந்து பாட்டுக்கச்சேரி ஆர்க்கெஸ்ட்ரா வருகிறதாம். அப்படியானால் பத்திரிகை வராமலே இருக்கட்டும். குழலும் இருந்து பத்திரிகையும் வராமல் போனால்தான் தாங்க முடியாது. அப்பாடா, ஆர்க்கெஸ்ட்ராவே வரட்டும். இல்லை, வர வேண்டாம். எனக்கு என்னதான் வேண்டும்?

24.8.97, ஞாயிறு

காலை பத்து மணிக்கு அத்தானும் அக்காவும் வந்தார்கள்! தாம்பாளம், வெற்றிலை பாக்கு, குங்குமம் வைத்த பத்திரிகை.

இவர் ஓடிப்போய் இருக்கிற நாற்காலிகளிலேயே நல்ல நாற்காலியை எடுத்துப் போட்டார். அத்தான் நின்றார். ஸ்டூல் போட்டார். அத்தான் நின்றார். "கட்டில்ல வேணா?" என்று கேட்கப் போனவரை நான் கண்ணாலேயே அடக்கினேன்.

"வீட்டோட வரணும் தம்பி. செல்வியையும் வரச் சொல்லு. முந்தின நாள் சாயங்காலமே வந்துரணும்."

இவர் பத்திரிகையை வாங்கவில்லை. "பாக்கலாம் அண்ணாச்சி. கடையில ஆள் இல்ல" என்றார்.

பதினொரு வருடம் காத்திருந்த கணம் இவருக்கு இது. வாங்காமல் திருப்பி அனுப்பலாம். நியாயம் உண்டு. என் நியாயம் எங்கே போகும்? தாம்பாளத்துக்குக் கீழே இவர் காலை மிதித்தேன். அசையவில்லை.

அத்தான் மெதுவாகச் சொன்னார்: "ஆஸ்பத்திரியில எட்டு நாள் கிடந்தேன். என் கூடப் பொறந்தவங்க ரெண்டு பேர் இருக்காங்க, ஒருத்தனும் எட்டிப் பாக்கல. நீ வந்த. முதப் பந்தி ஒனக்குத்தான் தம்பி. நானே பரிமாறுதேன்."

இவர் தரையைப் பார்த்தார். காது சிவந்துவிட்டது. பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அவர்கள் போனபிறகு இருவரும் ரொம்ப நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒருவர் வேடிக்கை பார்க்கப் போனவர். இன்னொருத்தி குழலுக்கு வழி பார்க்கப் போனவள். எட்டு நாளில் அந்த மனிதருக்குக் கிடைத்த சொந்தம் இந்த இரண்டு திருட்டுப் பூனைகள்தாம்.

பத்திரிகையைப் பிரித்துப் பார்த்தேன். குழல்தான். ஆர்க்கெஸ்ட்ரா இல்லை.

2.9.97, செவ்வாய்

தண்ணீர் வந்தது. தலைக்குக் குளித்தேன். மாம்பழ நிறப் பட்டை எடுத்து வைத்திருக்கிறேன். மணப்பெண்ணுக்குக்கூட இவ்வளவு படபடப்பு இருக்காது. செல்விக்குத் தேர்வு, வரவில்லை.

4.9.97, வியாழன், விடியற்காலை

ஒன்பது மணிக்கு முகூர்த்தம். அதற்குள் நேற்றையதை எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் வெடித்துவிடுவேன்.

ஆறரைக்கெல்லாம் போய் மூன்றாவது வரிசையில் நடு இடம் பிடித்தேன். முதல் இரண்டு வரிசை சம்பந்தி வீட்டுக்கு. மணிகண்டபிரபுவின் அப்பாதான் குழல் பிரியராம், தூத்துக்குடிக்காரர். அவர் வாழ்க.

கோமதிநாயகம் வந்தார். இவ்வளவு சின்ன உருவமா? நான் கேட்ட குழலுக்கு ஆறடி ஆள் ஒருவரைக் கட்டி வைத்திருந்தேன். இவர் எங்கள் பள்ளி எழுத்தர் மாதிரி இருந்தார். தடித்த கண்ணாடி. துணி உறையிலிருந்து ஐந்தாறு குழல்களை எடுத்து மடிக்குப் பக்கத்தில் அடுக்கினார். ஒன்றை எடுத்துத் தோள் துண்டில் துடைத்தார். உதட்டில் வைத்தார்.

முதலில் கேட்டது குழல் இல்லை. மூச்சு. அவர் மூச்சு இழுக்கிற சத்தம். வானொலியிலும் கேசட்டிலும் இத்தனை வருடம் கேட்டிருக்கிறேன், ஒரு தடவையும் அந்த மூச்சு கேட்டதில்லை. ஒரு மனிதர் ஊதித்தான் அது வந்திருக்கிறது! எனக்கு ஏனோ அழுகை வந்தது. இவர், "என்ன, பசிக்குதா?" என்றார்.

வர்ணம் முடிந்தது. ஒரு சின்னக் கிருதி. மண்டபம் ஒரே இரைச்சல். குழந்தைகள், பட்டுச்சேலைகள், வீடியோக்காரர் விளக்கு. இருந்தாலும் மூன்றாவது வரிசைக்குக் கேட்டது. பிறகு கண்ணை மூடிக் கரகரப்பிரியா ராகத்தைத் தொட்டார். ஒரே ஒரு இழை, கீழேயிருந்து.

தோளில் ஒரு கை விழுந்தது. வேலுத்தாய் அக்கா.

"ஏட்டி அழகு, எந்திரி. முதப் பந்தி போட்டாச்சு. ஒங்க ரெண்டு பேருக்கும் நடு இலை. ஒங்க அத்தான் வாளியைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்குதாவ."

இவர் அதற்குள் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். பதினொரு வருடத்துப் பசி.

சாப்பாட்டுக்கூடம் கீழே. கீழே போனால் சாம்பார்ச் சத்தம் தவிர வேறு ஒன்றும் கேட்காது. வரமாட்டேன் என்றால் பழைய பகை புதுசாகிவிடும். இந்த முறை காரணம் நானாக இருப்பேன். ஐயோ கடவுளே, அன்னைக்கு இலையிலருந்து எழுப்புனாங்க, இன்னைக்கு இலைக்கு எழுப்புதாங்களே! மேடையில் அவர் மேல் ஸ்தாயிக்குப் போகத் தொடங்கிவிட்டார். நான் பாதி எழுந்தபடி நின்றேன்.

என் நாக்கில் யார் வந்து உட்கார்ந்தார்களோ, தெரியாது.

"அக்கா, நீங்க எப்பச் சாப்பிடுதீங்க?"

"நானா? கல்யாண வீட்டுக்காரி கடைசிப் பந்திதான்."

"அப்ப நானும் கடைசிப் பந்திதான். இத்தன வருசம் கழிச்சு வந்திருக்கேன், ஒங்க பக்கத்து இலையில உக்காராம எனக்குச் சோறு இறங்குமா? இவியள மட்டும் கூட்டிட்டுப் போங்க."

இதை மறுக்க யாராலும் முடியாது. மரியாதைக்கு மேல் மரியாதை. முன்வரிசைச் சம்பந்தியம்மா திரும்பிப் பார்த்து, "பாருங்க, எவ்வளவு பாசம்" என்றார். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. இவரைக் கீழே அனுப்பிவிட்டு, இவர் நாற்காலியிலேயே என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் காலு கடுக்குட்டி. செத்த நேரம் இருக்கேன்."

பேச ஆரம்பித்தாள்.

பதினொரு வருடம்! எண்பத்தாறில் நிறுத்திய இடத்திலிருந்து தொடங்கினாள். பித்தப்பையில் கல். மழையில் நனைந்த தீக்குச்சி மூட்டைகள். மூத்த மருமகள் தனிக்குடித்தனம் போனது. "வாய் பேச ஆளில்லாம மாட்டுக்கிட்டப் பேசுதேன்" என்றாள். கரகரப்பிரியா ஏறுகிறது. "அந்த மாடும் போன தை மாசம் செத்துப்போச்சு." இடது காதில் குழல், வலது காதில் மாடு. நான் "உம்... உம்..." கொட்டிக்கொண்டே கழுத்தை மேடைப் பக்கம் இழுத்தேன். அவள் என் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லாட்டி நாளைக்கு எம்மவ கழுத்துல தாலி ஏறும்போது எனக்கு நிம்மதியா இருக்காது."

"சொல்லுங்கக்கா." (அவர் உச்சியில் நின்றுகொண்டிருந்தார். அதை மட்டும் கேட்டேன்.)

"அன்னிக்கி ஒன் வீட்டுக்காரரை எழுப்பச் சொன்னது நான்தான்."

குழல் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

"சிவகாசிக்காரங்க நின்னுக்கிட்டே இருந்தாவ. யாரை எழுப்பன்னு ஒங்க அத்தான் முழிச்சாவ. நான்தான் ஒன் வீட்டுக்காரரைக் கை காட்டுனேன். அசலாரை எழுப்ப முடியுமா? நம்ம தம்பி, கோவிக்க மாட்டாருன்னு நெனச்சேன்ட்டி. சொந்தம்னு நெனச்சதாலதான எழுப்பச் சொன்னேன்? அவிய ஒருநாளும் என் பேரை வெளிய சொல்லல. பழி முழுக்க அவிய தலையில."

அவள் அழவில்லை. என் கையைத்தான் அழுத்தினாள். அவள் ஒன்றைத் திறந்தால் நானும் ஒன்றைத் திறக்க வேண்டும் இல்லையா?

"அக்கா, நானும் ஒண்ணு சொல்லுதேன். நான் ஆஸ்பத்திரிக்கு வந்ததே இந்தக் குழலுக்காகத்தான். வந்தாத்தான கல்யாணத்துக்குக் கூப்பிடுவீங்க."

முழுசாக என்னைப் பார்த்தாள். "அப்ப ஒன் வீட்டுக்காரரு?"

"அத்தான் உக்கார முடியாம நிக்கதப் பாக்க."

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். போதவில்லை. குலுங்கினாள். நாற்காலி கிறீச்சிட்டது. "மலைப்பழம்...!" என்று ஒரே வார்த்தை சொன்னாள். அவ்வளவுதான், எனக்கும் வந்துவிட்டது. இருவரும் தலையை முட்டிக்கொண்டு, மூக்கில் தண்ணீர் வர...

மண்டபம் அமைதியாக இருந்தது. குழல் நின்றிருந்தது.

ஒலிபெருக்கியில் கோமதிநாயகம், ரொம்ப மரியாதையாக: "மூணாவது வரிசையில ரெண்டு தாய்மார்... நீங்க பேசி முடிங்கம்மா. நான் காத்திருக்கேன். எனக்கு அவசரமில்ல."

இருபத்தைந்து வருடக் காத்திருப்பு. அவர் எனக்குச் சொன்ன முதல் வார்த்தைகள் இவை.

அதன்பிறகும் முக்கால் மணி நேரம் வாசித்தார். நாங்கள் வாயைத் திறக்கவில்லை. சிரிப்பை அடக்குவதிலேயே நேரம் போய்விட்டது. என்ன வாசித்தார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பின்வரிசைக்காரர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கடைசிப் பந்தியில் ரசம்தான் மிச்சம். அவியல் இல்லை. பக்கத்து இலை அக்காவுடையது. அங்கேயும் ஒரு தடவை சிரித்து, புரை ஏறியது.

வீட்டுக்கு வரும் வழியில் இவர் எனக்கு இரண்டடி முன்னால் நடந்தார். சந்து திரும்பும்போது கேட்டேன், "முதப் பந்தி எப்படி?"

"நான் சாப்பிடல."

"என்னது!"

"நடு இலையில உக்காந்தேன். அவரு சாதவாளியைத் தூக்கிட்டு வந்தாரு. ஒவ்வொரு இலைக்கும் குனியும்போது முகத்தைப் பாத்தேன். வலியில செத்துச் செத்துப் பொழைக்காரு. சொன்ன சொல்லுக்காகக் குனியுதாரு. எனக்கு உக்கார முடியல. எந்திரிச்சு வாளியை வாங்கிட்டேன். முழுப் பந்திக்கும் நான்தான் பரிமாறுனேன்."

"அவியல் வச்ச இலையிலருந்தா எந்திரிச்சீங்க?"

"ஆமா," என்றார். கொஞ்ச தூரம் நடந்தபிறகு, "யாரும் எழுப்பல" என்றார்.

யார் கை காட்டியது என்பதை நான் இவரிடம் சொல்லவில்லை. சொல்லப் போவதும் இல்லை.

நேரமாகிவிட்டது. சேலை கட்ட வேண்டும்.

8.9.97, திங்கள்

ஊருக்கே தெரிந்துவிட்டது. தலைமை ஆசிரியை, "டீச்சர், குழல்காரர் உங்ககிட்ட தனியா என்னமோ பேசினாராமே?" என்கிறார். பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்தார்கள். அதட்ட வாயெடுத்தேன். "பேசி முடிங்கம்மா, நான் காத்திருக்கேன்" என்றுதான் வந்தது. வகுப்பே கொல்லென்று சிரித்தது. அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது!

செல்வி போனில் ஐந்து நிமிடம் சிரித்தாள். எஸ்.டி.டி. கட்டணம் அவள் தலையில். நன்றாக வேண்டும்.

14.9.97, ஞாயிறு

யார் கேட்டாலும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன்: "வேலுத்தாய் அக்கா என் கச்சேரியைக் கெடுத்துவிட்டாள்." அக்காவிடமும் அதையே சொல்கிறேன். தினம் நாலரைக்கு வருகிறாள். "கெடுத்தவதான் வந்திருக்கேன், காப்பி போடு" என்கிறாள்.

இனி அவர் எப்போது இந்தப் பக்கம் வருவார்? வயது எழுபத்திரண்டாம். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறேன். ஆனால் சில நேரம் உண்மையாகவே வலிக்கிறது.

19.10.97, ஞாயிறு

கல்யாண வீடியோ கேசட் வந்துவிட்டது என்று அக்கா சொல்லி அனுப்பினாள். ஓடினேன். இரண்டு மணி நேரம் எடுத்திருக்கிறார்கள், குழல் முழுக்க இருக்குமே! இது எனக்கு முன்பே தோன்றாமல் போயிற்றே!

அத்தான் காற்றடித்த ரப்பர் வளையத்தில் உட்கார்ந்திருந்தார். இப்போது உட்காருகிறார். பக்கத்தில் இவர். கடையைப் பூட்டிவிட்டு என்னைவிட முன்னால் வந்துவிட்டார். இருவரும் கடலைமிட்டாய் தின்றுகொண்டிருந்தார்கள்.

கேசட்டைப் போட்டார்கள். வரவேற்பு வந்தது. கோமதிநாயகம் குழலைத் துடைக்கிறார், உதட்டில் வைக்கிறார். வருகிறது... ஏதோ சினிமா டூயட். வீடியோக்காரர் அசல் சத்தத்தை எடுத்துவிட்டு ஆரம்பத்திலிருந்து கடைசிவரை சினிமாப் பாட்டாகச் சேர்த்துவிட்டிருக்கிறார். அவர் விரல்கள் கரகரப்பிரியாவுக்கு ஆடுகின்றன. கேட்பது டூயட்.

"நல்லா எடுத்திருக்கான்லா?" என்றார் அத்தான்.

அழலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கேமரா கூட்டத்துப் பக்கம் திரும்பியது. மூன்றாவது வரிசை. அக்கா பேசிக்கொண்டிருக்கிறாள். நான்... நான் கழுத்தை மேடைப் பக்கம் இழுத்துக்கொண்டு தவித்தேன் என்றுதானே இத்தனை நாளும் சொல்லி வந்தேன்? அங்கே அப்படி ஒருத்தி இல்லை. மாம்பழ நிறச் சேலைக்காரி நாற்காலியையே முழுசாகத் திருப்பிப் போட்டு, மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு கையும் அக்கா மடியில். அக்கா ஒன்று சொன்னால் இவள் இரண்டு சொல்கிறாள். உம் கொட்டுகிற முகம் இல்லை அது. வாய் ஓயவில்லை. அவளுக்குப் பின்னால், தூரத்தில், சின்னதாக, ஒரு மனிதர் குழல் ஊதிக்கொண்டிருக்கிறார்.

இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கடலைமிட்டாயை நீட்டினார்.

ஆண்கள் இருவரும் தொழிற்சாலைப் பக்கம் போனபிறகு, அக்கா கேசட்டைப் பின்னால் ஓட்டி அதே இடத்துக்குக் கொண்டுவந்தாள். டிவியின் சத்தத்தை அடியோடு குறைத்தாள்.

"இந்தா, இங்கன பித்தப்பை சொல்லுதேன்" என்றாள்.

"இல்லக்கா, இது மருமக. பாருங்க, கையை இப்படி வீசுதீங்க."

"ஆமா, மருமகதான். அப்ப நீ என்னட்டி சொல்லுத, இவ்வளவு நேரமா?"

தெரியவில்லை. சத்தியமாக ஞாபகம் இல்லை. ஆனால் படத்தில் வாய் அசைந்துகொண்டே இருந்தது, சும்மா விட மனமில்லை. வாயசைவுக்கு ஏற்றபடி ஏதேதோ சொல்ல ஆரம்பித்தேன்.